சினாப்சிஸில் இல்லாத ஐந்தாம் அத்தியாயம்

ஆய்வுப் பட்டத்துக்கான விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். எந்தப் படிவம், எத்தனை நகல், யார் கையெழுத்து என்று பல்கலைக்கழக அலுவலகமே என்னிடம்தான் கேட்கும். கணிதத்தில் எனக்கு அத்தனை தேர்ச்சி இல்லை என்பதைத் தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அம்மையார் கண்டுபிடித்தார்.

சத்தியமங்கலத்தில் கல்லூரி ஆசிரியை. என்னிடம் பகுதிநேர ஆய்வு. சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் கோவைக்கு வருவார். அவருடைய விஷயத்தை இப்படிச் சொல்லலாம்: ஒரு சைன் அலையை மேலும் மேலும் நெருக்கமாக அலையவிட்டால் சராசரியில் அது பூஜ்யமாகிவிடும். அதன் வர்க்கம் ஆகாது, பாதி மிஞ்சும். நேரியல் அல்லாத சமன்பாடுகளில் தொல்லை கொடுப்பது அந்த மிச்சம்தான். அது எந்த இடத்தில், எந்தத் திசையில் அலைகிறது என்று சேர்த்தே காட்டும் நுண்ணிடக் கணிதக் கருவிகள் அப்போது புதிது. வெளிநாட்டுக் கட்டுரைகளின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு தானாகவே படித்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை என் பழைய ஆய்வேட்டோடு வந்தார். எனக்கு வேலை வாங்கித் தந்த ஏடு.

"ஏனுங்க சார், இந்தப் பக்கத்துல எல்லை எடுத்திருக்கீங்களே, வர்க்கத்துல மிஞ்சறது எங்கீங்க போச்சு?"

"அது பூஜ்யமாயிரும்மா."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். கணக்குப் போட்டுப் பார்த்தா ஒரு திசையில மட்டும் போகவே மாட்டேங்குதுங்க."

ஐந்தாம் அத்தியாயம் என்று தலைப்பிட்ட பதினெட்டுத் தாள்களை நீட்டினார். ஒரு வாரம் பிழை தேடினேன். அவர் கணக்கில் பிழை இல்லை. என் தேற்றத்தில்தான் இருந்தது.

அடுத்த வாரம் கனிவோடு சொன்னேன்: "நல்லா வந்திருக்கும்மா. ஆனா ஆய்வுச் சுருக்கம்னு நீங்க ஏற்கெனவே கொடுத்த சினாப்சிஸ்ல இது இல்லியே. அதுல இல்லாததை ஏட்டுல வெக்க விதி இடம் கொடுக்காது."

"மாத்திக் குடுக்க வழி ஏதுமில்லீங்களா சார்?"

"இல்லீங்கம்மா."

இருந்தது. திருத்திய சினாப்சிஸ், மூன்று நகல், நெறியாளரின் ஒரே ஒரு கையெழுத்து. அந்தப் படிவம் என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. நான் சொன்னால் அது விதி என்று நம்பி, அந்த அம்மையார் தாள்களைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏடு நான்கு அத்தியாயங்களோடு போனது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் விவரமானவர். "இந்தக் கருவியை உங்கள் நெறியாளர் தேற்றத்தில் போட்டுப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

அம்மையார் என்னைப் பார்க்கவில்லை. "அது சினாப்சிஸ்ல இல்லீங்க" என்றார்.

தேர்வாளர் மட்டும் ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார்.

அறிக்கையை எழுதியது நான். 'எல்லாக் கேள்விகளுக்கும் நிறைவாகப் பதிலளித்தார்' என்ற வழக்கமான வரியை எழுதி, மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டேன்.