வார்டு மெம்பர் ஸ்வப்னாவின் ஈறு

கொல்லயில் என்ற ஊர்ப் பஞ்சாயத்தில், குடும்பஸ்ரீ மகளிர் குழுவின் சாப்பாட்டுக்கடையை நடத்துகிற ஸ்வப்னாவுக்கு முப்பத்தெட்டு வயது. நூறு பேருக்குச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மதியத்துக்கு முன்பே ஆக்கி இறக்கிவிடுவாள். பாங்கு மேனேஜர் என்றாலும் பஞ்சாயத்து செயலாளர் என்றாலும் நேரில் போய் நின்று பேசி, வந்த காரியத்தை முடித்துக்கொண்டுதான் திரும்புவாள். பேசும்போது மட்டும் இடது கை தானாக வாய்க்கு முன்னால் வந்துவிடும்.

பத்தாம் வகுப்புப் படிக்கையில் அவளுக்கு வலிப்பு வந்தது. அன்று தொடங்கிய பெனிட்டாயின் மாத்திரையை இருபது வருடத்துக்கு மேலாக அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வலிப்பு அடங்கியது. ஈறுதான் வளர்ந்தது. முதலில் பல்லிடுக்குகளில் மணிமணியாகப் புடைத்தது. போகப்போகத் தடித்து முன்பற்களில் பாதியை மூடிக்கொண்டது. வலி கிடையாது. பிரஷ் பட்டால் ரத்தம் வரும். ரத்தத்துக்குப் பயந்து பட்டும் படாமலும் தேய்த்தாள். அதனால் அழுக்கு படிந்து ஈறு இன்னும் வீங்கியது. ‘இவ பல்லே தேய்க்கமாட்டா போல’ என்று கடையில் யாரோ சொன்னது காதில் விழுந்தபோது அவள் நொந்துபோனாள். கை கழுவாமல் ஒருத்தரையும் பாத்திரம் தொட விடாதவள் அவள்.

கட்சிக்காரரான ராஜன், அடுத்த தேர்தலில் வார்டுக்கு நிற்கச் சொல்லி ஒரு வருடம் முன்பே கேட்டார். முடியாது என்றுவிட்டாள். பாறசாலை ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிற கணவன் ஸ்ரீஜித், ஏன் என்று கேட்டான்.

“வோட்டு கேக்கணும்னா வாயத் தொறக்கண்டாமா சேட்டா? போஸ்டர்ல இந்தப் பல்லையா காட்டுறது?”

“ஆளுவ பல்லப் பாத்தா வோட்டு போடும்? ஒன் வேலையப் பாத்தாக்கும் ராஜன் அண்ணன் வந்து கேட்டது.”

அவன் சொன்னது சரிதான் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வாரம் போனில் தேடிப்பிடித்து, ஈறு வளர்வதற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம் என்று படித்தாள். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள்.

நான்காம் நாள் காலையில் கஞ்சி வடிக்கும்போது வலிப்பு வந்தது. கொதிகஞ்சி வலது முழங்கையில் கொட்டியது. உடன் வேலை செய்யும் லேகா ஓடிவந்து அவளை அடுப்பங்கரையிலிருந்து இழுத்து, ஒருச்சாய்த்துப் படுக்கவைத்து, கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டாள். நினைவு திரும்பியதும் ஸ்வப்னா அழுதாள். புண்ணின் எரிச்சலால் அல்ல, தன்மேல் வந்த கோபத்தால்.

நரம்பு டாக்டர் வேண்டிய மட்டும் திட்டித் தீர்த்து, மாத்திரையை மறுபடி தொடங்கவைத்து, ஈறு டாக்டர் ஜிஷாவிடம் அனுப்பினார். ஜிஷா விளக்கைச் சாய்த்து வாய்க்குள் வெகுநேரம் பார்த்தாள்.

“சேச்சி, போன்ல படிச்சது சரிதான். ஆனா பாதிதான் படிச்சிருக்கீங்க. இந்த மாத்திரை தின்னுற எல்லாருக்கும் இப்படி வளராது. சிலருக்கு வளரும். பிரஷருக்குத் தின்னுற சில மாத்திரையிலயும் இது உண்டு. பல்லுல அழுக்கு சேந்தா கூடுதலா வளரும். பின்ன, மாத்திரைய நிறுத்துறது நம்ம தீருமானம் இல்ல. ஒண்ணு குறைக்கணும்னா வேறொண்ணு ஏத்திட்டுத்தான் குறைக்கணும்.”

“அப்போ இது போவுமா டாக்டரே?”

“போகும். சேச்சியும் கூட வேலை செய்யணும்.”

வேலைக்கு அவள் பயந்தவளா? மூன்று மாதத்தில் நரம்பு டாக்டர் புது மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சங்கொஞ்சமாக இறக்கினார். ஜிஷா ஈறுக்கடியில் கல்லாய் இறுகியிருந்த அழுக்கையெல்லாம் சுரண்டி எடுத்தாள். ரத்தம் வந்தாலும் விடாமல் மெல்லிய பிரஷால் இரண்டு நேரமும் தேய்க்கச் சொன்னாள்; பல்லிடுக்குக்குத் தனியாக ஒரு குட்டி பிரஷும் கொடுத்தாள். இரண்டே வாரத்தில் ரத்தம் நின்றது. வீக்கம் வடிந்தது. தடித்துப்போன சதை மட்டும் அப்படியே நின்றது. ஆகஸ்டில் மரப்பு ஊசி போட்டு, மேல்வரிசைக்கு ஒரு நாள், கீழ்வரிசைக்கு இன்னொரு நாள் என்று அதை வெட்டி எடுத்தார்கள். ஒரு வாரம் ஆறிய கஞ்சியே சாப்பாடு. பிறகு கண்ணாடியில் பார்த்தபோது, முழுப்பல் என்றால் இவ்வளவு நீளமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

ராஜனை அவளே போனில் கூப்பிட்டாள். “நிக்குதேன் அண்ணே. வேற ஆள் வச்சுட்டீங்களா?”

வைக்கவில்லை.

பிரசாரம் சூடுபிடித்ததும் எதிர்ப்பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது: வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்தவள் பஞ்சாயத்தில் என்ன செய்வாள்? அது பொய்யில்லை என்பதால் ராஜனுக்குக் கவலை. “கண்டுக்காத மக்கா, தானே அடங்கும்” என்றார்.

லேகா வீட்டு முற்றத்தில் குடும்பயோகம் என்கிற பிரசாரக் கூட்டம். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். ஸ்வப்னா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வலிப்பு உண்டு. பதினஞ்சு வயசுல இருந்து உண்டு. நீங்க அறிஞ்சது சரியாக்கும். மாத்திரையில ஈறு வளந்து வாயப் பொத்திட்டு நடந்தேன். வெக்கப்பட்டு மாத்திரைய நிறுத்தினேன், விழுந்தேன். அது எனக்க தப்பு. டாக்டர்மாரு மாத்திரைய மாத்தி, ஈறையும் சரியாக்கித் தந்தாவ. இப்பம் வாயத் தொறந்து பேசுதேன். இந்த நோயோட பதினொரு வருசமா ஒங்களுக்குச் சோறு ஆக்குதேன். என்னைக்காவது கடை அடைச்சிருந்தா அது அந்த ஒரு நாளாக்கும். இனி நீங்க சொல்லுங்க.”

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “எனக்க மவளுக்கும் உண்டு” என்றாள். வெளியே யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னாள். ஸ்வப்னா மைக்கை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றைய கூட்டம் அங்கேயே நடந்து முடிந்தது.

அறுபத்து மூன்று வோட்டில் ஜெயித்தாள். சத்தியப்பிரமாணத்தை எழுத்துக்கு எழுத்து உரக்க வாசித்தாள். ஸ்ரீஜித் பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் “எனக்க பெண்டாட்டியாக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே அது தெரியாதவர் ஒருவரும் இல்லை.

பதவியேற்ற மூன்றாம் மாதம் பஞ்சாயத்துக் கமிட்டிக்கு ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தார்கள். ஸ்வப்னா எழுந்து, அன்று தன்னால் வர முடியாது என்றாள். ஏதாவது ஆவசியம் உண்டா என்று தலைவர் கேட்டார்.

“உண்டு. ஈறு சுத்தம் பண்ணுறதுக்குப் போணும். இடைக்கிடை பாக்காம விட்டா திரும்ப வளரும்னு டாக்டர் சொல்லியிருக்காவ. கமிட்டிய புதன்கிழமை வையுங்க.”

புதன்கிழமையே வைத்தார்கள்.