வயிற்றில் இல்லாத பிள்ளை உதைப்பதாக எழுதினேன்

என் கணவர் பட்டாளத்தில் இருந்தார். எல்லையில் படைகளைக் கொண்டுபோய் மாதக்கணக்கில் நிறுத்தியிருந்த வருஷம் அது. கன்னிவாடியில் மாமியார் வீட்டில் இருந்த எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "துப்பாக்கிய வச்சுக்கிட்டு நிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் தெரியக் கூடாது. லீவுல வரட்டும், சொல்லிக்கிருவோம்."

பட்டாளத்து வீடுகளில் இது பழக்கம்தான். மாடு செத்தாலும் கிணறு வற்றினாலும் கடிதத்தில் 'இங்கு அனைவரும் நலம்' என்றுதான் இருக்கும். ஆனால் அவர் விடாமல் கேட்டு எழுதினார். பிள்ளை அசைகிறதா, உதைக்கிறதா என்று. நானும் உதைக்கிறது என்று பதில் எழுதினேன். இரண்டு மாதம் அப்படி எழுதினேன். எழுத வைத்தவர்கள் மேல் இருந்த எரிச்சலையெல்லாம் பாத்திரங்களின் மேல் காட்டினேன்.

அப்போதுதான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். படைவீரர் குடும்பங்களின் வாழ்க்கைத் தரம் பற்றி ஆராய்ச்சியாம். நான் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார். தூக்கம் எப்படி என்றால், "நல்லாத் தூங்குவா தாயி." மனக்கவலை உண்டா என்றால், "இவளுக்கு என்ன கொற? நல்லாருக்கான்னு எழுதிக்க." என் தூக்கத்தைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது!

அந்தப் பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மாமியார் உள்ளே போன நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் தலை நிமிராமல் எழுதினாள். கிளம்பும்போது வாசலில், "இதே கேள்விய வீரர்கள்கிட்டயும் கேப்போம்க்கா. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. யாரோ ஒரு ஆபீசர் என் தாளை அவர் முன்னால் நீட்டுவதாகவே தோன்றியது. மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லி பஸ் ஏறினேன். கல்லூரியில் அவளைத் தேடிப் பிடித்து, "அந்தத் தாளக் குடுத்துரும்மா" என்றேன்.

"அதுல பேரே இல்லக்கா, நம்பர் மட்டும்தான். பயமா இருந்தா கிழிச்சிருங்க" என்று எடுத்துக் கொடுத்தாள்.

வாங்கிப் பார்த்தேன். 'கணவருக்குத் தெரியாது' என்று அவள் குண்டு எழுத்தில் இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல முடிந்ததை அவரிடம் சொல்லவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. தாளை அவளிடமே கொடுத்துவிட்டு நேரே தபால் ஆபீசுக்குப் போய் ஒரு இன்லேண்ட் கடிதம் வாங்கினேன். நாலே வரி எழுதினேன். அங்கேயே பெட்டியில் போட்டேன்.

பதில் வரவில்லை. டிவி செய்தியில் எல்லை என்ற சொல் வந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கடிதத்தைப் படித்த கலக்கத்தில் அவர் கவனம் தப்பி ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நான்தானே காரணம்? வீட்டில் மூச்சு விடவில்லை. தபால்காரர் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றால் பயம், நிற்காவிட்டாலும் பயம்.

இருபது நாள் கழித்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். ஓடினேன். மாமியாரும் பின்னாலேயே வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். போனில் முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"கடுதாசி நேத்துதான் கெடச்சுச்சு" என்றார்.

"கோவமா இருக்கீங்களா?"

"அது என்ன புள்ள?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"பொம்பளப் புள்ள" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. வெளியே மாமியார் நிற்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் நானும் வாய்விட்டு அழுதேன்.