ஹால்ஸ்மியர் வீட்டுப் பேரன்

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் வேறு வேலையைப் பார்க்கலாம். கெஞ்சிக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. இருபத்திரண்டு வருடமாக ஜெர்மனியில் ஹம் நகரத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய் வயோதிபர்களைக் கழுவித் துடைத்துப் பராமரிப்பதுதான் என் தொழில். செத்தவர்களுக்கும் உடுப்பு மாற்றியிருக்கிறேன். பிணத்துக்குப் பயந்தால் என் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் இந்த ஜனவரியில், பின்னேரம் நாலே முக்காலுக்கு, ஒரு படிக்கட்டின் அடியில் நின்று நான் வெடவெடத்தது உண்மை. மடு மாதா மேல் ஆணை.

வீட்டுக்காரர் பெயர் சேர் எட்மண்ட் ஹால்ஸ்மியர். பிரித்தானியப் பிரபு குடும்பம். வயது தொண்ணூற்றொன்று. பிரித்தானிய இராணுவம் இந்தப் பக்கம் முகாம் போட்டிருந்த காலத்தில் கேணலாக இருந்தவராம். இராணுவம் போய்விட்டது, இவர் போகவில்லை. ஜெர்மன்காரி ஒருத்தியைக் கட்டி, ஊருக்கு வெளியே ஒரு பழைய செங்கல் வீட்டில் தங்கிவிட்டார். மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடமாக இவரால் எழும்பி நிற்க முடியாது, சக்கர நாற்காலிதான். ஆனால் வாய் மட்டும் இன்னும் அணிவகுப்பு நடத்திக்கொண்டிருந்தது.

நான் முதுகு தேய்க்கத் தொடங்கினால் அவர் பரம்பரையைத் தொடங்குவார். மேல் மாடிக்குப் போகும் படிக்கட்டுச் சுவரில் ஆறு பேரின் படங்கள் வரிசையாகத் தொங்கின. முதலாமவர் சேர் ஜெர்வேஸ், வாட்டர்லூவில் சண்டை பிடித்தவராம். நெப்போலியனைத் தனியாளாக நின்று அடித்தவர் மாதிரித்தான் கதை. இரண்டாமவர் சேர் ஹியூகோ, கண்டியில் கலகத்தை அடக்கினாராம். யாருடைய கண்டி, எவன் வீட்டுக் கலகம்? மூன்றாமவர் ஆப்கானிஸ்தானுக்குப் பெரும் படையோடு போய், ஒரு வண்டியில் ஏற்றக்கூடிய ஆட்களோடு திரும்பி வந்து, அதற்கும் ஒரு பதக்கம் வாங்கினார். நான்காமவர் சேர் அம்ப்ரோஸ், தென்னாபிரிக்காவில் ஒரு கையை விட்டுவிட்டு வந்தார். ஐந்தாமவர் பிரான்சில் ஒரே காலைப்பொழுதில் நானூறு பெடியன்களைச் சாகக் கொடுத்தார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆறாமவர் சேர் வால்டர், இவருடைய தகப்பன், றைன் ஆற்றைக் கடந்து இந்த ஊருக்கு வந்தவர்.

இருநூறு வருடமாக அடுத்தவன் வீட்டுக்குள் ஆயுதத்தோடு புகுந்த கதை! அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவருக்குப் பின்பக்கம் துடைத்துவிட இந்த மன்னார்க்காரி வரவேண்டியிருக்கிறது. பரம்பரையாம், பரம்பரை. வீட்டுக்குப் போனால் அங்கேயும் தப்பிக்க வழியில்லை. என் மனிசன் யோசப்புக்கு இரண்டு பியர் உள்ளே போனால் அவருடைய பூட்டன் முதலியார் பதவிக்காரர் ஆகிவிடுவார். "வெள்ளைக்காரன் எழும்பிக் கதிரை குடுத்த குடும்பமெடி." ஓம், கதிரையைக் குடுத்துப்போட்டு நாட்டை எடுத்துக்கொண்டு போனான். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ என்பேன்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்பீர்கள். என் தம்பி பதினேழு வயதில் சண்டைக்கென்று போனவன். உடம்புகூடத் திரும்பி வரவில்லை. நான் ஊரை விட்டு ஓடிவந்ததே வயிற்றில் பிறக்கும் பிள்ளை துவக்குத் தூக்கக்கூடாது என்றுதான். ஆனால் இந்த வருடம் முதல் ஜெர்மனியில் பதினெட்டு வயதாகும் பெடியன்களுக்கு, பட்டாளத்தில் சேர விருப்பமா என்று கேட்டுக் கடிதம் வருகிறது. என் ஒரே பிள்ளை பென்ஜமினுக்கும் வந்தது.

"இல்லை எண்டு எழுதியாச்சே?" என்று கேட்டேன்.

"யோசிக்கிறன் அம்மா" என்றான். யோசிக்கிறானாம்! அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

ஜனவரி ஒன்பது, வெள்ளிக்கிழமை. அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாள். என் கார் கராஜில் நின்றதால் அவன்தான் என்னை வேலைக்கு ஏற்றி இறக்கினான். நான் பட்டர் கேக் சுட்டு, போகிற வீடெல்லாம் ஒவ்வொரு துண்டு கொண்டுபோனேன். ஹால்ஸ்மியர் வீட்டில் அவனையும் உள்ளே கூட்டிப்போனேன். சமையலறைக்குள் மட்டும்தான். படிக்கட்டுக்குப் போகும் கதவு சாத்தியிருந்தது.

அந்தக் கதவு விஷயத்தில் கிழவருக்கு ஒரு விசர் இருந்தது. நாலே முக்காலாகுமுன் அதைச் சாத்தவேண்டும். ஐந்து மணி வரை நான் பக்கத்தில் இருக்கவேண்டும். அந்தக் கால் மணி நேரம் அவர் வாயே திறக்கமாட்டார், கண் கதவிலேயே இருக்கும். ஏன் என்று கேட்டால், "மேலே வரிசையில் நிற்கிறார்கள்" என்பார். நான் சிரிப்பேன். தொண்ணூறு தாண்டினால் வரிசையும் தெரியும், வண்டியும் தெரியும்.

கேக்கை அவர் கையில் கொடுத்து, எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வது போல நானும் சொன்னேன். வயதானவர் முன்னால் பிள்ளையை நிறுத்தினால் வாய் தானாகச் சொல்லும். "உங்கட பேரன் மாதிரித்தான். ஆசீர்வாதம் பண்ணுங்கோ." ஜெர்மனில்தான் சொன்னேன். பஸ்ஸில் இடம் தருகிறவனைத் தம்பி என்கிறோம், கடைக்காரரை அண்ணை என்கிறோம். அதற்காக யாரும் வீட்டுக்கு வந்து பங்கு கேட்பதில்லையே.

கிழவரின் கையிலிருந்த கேக் கீழே விழுந்தது.

"இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார். "சத்தமாக."

காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, வீடு அதிரச் சொன்னேன். "இவன் உங்கட பேரன்!"

மேலே... டக்.

சப்பாத்துக் குதிகள் இரண்டு ஒன்றாக மோதிய சத்தம். பழைய வீடு, மரம் வெடித்திருக்கும் என்று நினைத்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலே முக்கால்.

அடுத்த நாளிலிருந்து கிழவர் வேறு ஆள். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கச் சொல்லவில்லை. பரம்பரைக் கதையும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டார், சிரித்தார், ஐந்து மணிக்கே குறட்டை விட்டார். நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

வீட்டில்தான் கோளாறு தொடங்கியது.

திங்கட்கிழமை பென்ஜமின் தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். செவ்வாய்க்கிழமை அவன் கட்டில் விரிப்பு மூலைக்கு மூலை மடித்து இறுக்கப்பட்டிருந்தது. பதினெட்டு வருடத்தில் ஒருநாள் அவன் விரிப்பைத் தொட்டதில்லை. புதன்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேசை அருகே கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நேராக நின்றான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. உதடு அசைந்தது. ஆங்கிலம். அவனுக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை. கிழவரின் ஆங்கிலம்.

வியாழக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அம்மா, அந்தப் படியில நிக்கிற ஆளுக்கு ஏன் ஒரு கை இல்லை?"

கரண்டியைக் கீழே வைத்தேன். "எந்தப் படியில?"

"அதான்... ஆறு பேர் நிப்பினமே."

"நீ அந்தப் பக்கம் போகேல்லையே!"

அவன் மிச்சமிருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டான். பிறகு, "அம்மா, நான் அந்தக் கடிதத்துக்கு ஓம் எண்டு எழுதப்போறன். நாளைக்கு அனுப்புவன்" என்றான்.

நான் கத்தினேன். அழுதேன். கன்னத்தில் ஒன்று போட்டேன். அவன் அசையாமல் நின்றான். என் தம்பியின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை. வெளியே நல்ல பனிப்புகார். நாலரைக்கு ஹால்ஸ்மியர் வீட்டுக்குப் போனேன். வணக்கமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை.

"என் பிள்ளைக்கு என்ன செய்தீர்?"

"நான் ஒன்றும் செய்யவில்லை" என்றார். "நீங்கள்தான் கொடுத்தீர்கள்."

"அது மரியாதைக்குச் சொன்னது!"

"அவர்களுக்கு அது விளங்காது. வரிசைக்கு ஆள் குறைந்தால் என்னைத்தான் கேட்பார்கள். கொடுக்க என்னிடம் யார் இருக்கிறார்கள்? இப்போது ஒருவன் இருக்கிறான். என்னை விட்டுவிட்டார்கள்." நிம்மதியாகச் சிரித்தார்.

"அவன் உம்முடைய பேரன் இல்லை என்று சொல்லும். சத்தமாகச் சொல்லும்!"

தலையை ஆட்டினார். "எனக்குப் பயமாக இருக்கிறது."

தூ! இதுதான் இவர்களுடைய வீரம். இதுதான் வாட்டர்லூ, இதுதான் கண்டி. தொண்ணூற்றொரு வயது உயிர் தப்புவதற்குப் பதினெட்டு வயதுப் பிள்ளையை முன்னால் தள்ளுவது. இருநூறு வருடமாக வேறு என்னத்தைச் செய்து கிழித்தார்கள்? ஊரான் பெற்ற பிள்ளைகளை முன்னுக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று படம் வரைந்து மாட்டினார்கள். எனக்கு வந்த அருவருப்பில் பயம் எங்கேயோ போய்விட்டது.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்தார். விரல்களைக் கழற்றிவிட்டேன். படிக்கட்டுக் கதவைத் திறந்தேன்.

குளிர்... சப்பாத்துப் பொலிஷ் மணம்... நனைந்த குதிரை மணம்.

நாலே முக்கால்.

மேலே, டக்.

படியில் ஒருவரும் இல்லை. ஆனால் மேல் படியின் கம்பளம் மெல்ல அமுங்கியது. பாரம் ஏறியது போல. பிறகு அடுத்த படி. அதற்கும் அடுத்த படி.

டக்... டக்... டக்...

நாற்காலியின் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டேன். வாய் மட்டும் என் வசம் இருந்தது. தமிழில்தான் வந்தது.

"அவன் நான் பெத்த பிள்ளை! உங்களுக்கு ஒருத்தருமில்லை. இந்தாங்கோ, இவர்தான் உங்கட ஆள். கூட்டிக்கொண்டு போங்கோ!"

சத்தம் நின்றது.

இரண்டு வருடம் நிற்க முடியாத மனிதர்... எழும்பி நின்றார்.

நேராக. கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு.

கண்ணால் நீர் வடிந்தது. கால் தானாகப் படியேறியது.

சின்னப் பிள்ளையின் குரலில், "அம்மா..." என்று கூப்பிட்டார்.

ஆங்கிலத்தில் இல்லை. ஜெர்மனில்.

நான் ஓடினேன்.

காருக்குள் இருந்து வீட்டுக்கு அடித்தேன். பென்ஜமின் எடுத்தான். "அம்மா, தலை இடிக்குது. என்ர தலைமயிரை ஆர் வெட்டினது? சாப்பிட என்ன இருக்கு?" என்றான். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். அன்று பின்னேரமே, அவன் இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த அந்தக் கடிதத்துக்கு இல்லை என்று எழுதி என் கையாலேயே தபாலில் போட்டேன்.

மறுநாள் காலை எங்கள் பராமரிப்பு நிலையப் பொறுப்பாளர் லிசா அழைத்தாள். சேர் எட்மண்ட் இறந்துவிட்டார். மேல் மாடியில், கடைசிப் படிக்கு மேலே, கையை உடம்போடு ஒட்டியபடி மல்லாந்து கிடந்தாராம். மாரடைப்பு என்று டொக்டர் எழுதினார். நடக்கமாட்டாதவர் எப்படி மேலே போனார் என்று லிசா கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். இவ்வளவு பெரிய பரம்பரைக்கு, பெட்டி தூக்கியவர்களை விட்டால் நானும் லிசாவும் ஒரு ஜெர்மன் கிழவியும்தான். எண்பத்தேழு வயது, கைத்தடி. யார் என்று கேட்டேன்.

"தங்கச்சி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. பிரித்தானியப் பிரபுவுக்கு ஹம் ஊரில் தங்கச்சியா?

"இவன் பெயர் ஹைன்ஸ்" என்றாள். "எங்கள் அப்பா இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். யுத்தம் முடிந்து எல்லாரும் பட்டினி கிடந்த நேரம் சேர் வால்டர் என்ற ஆங்கில ஒஃபிசர் பாண் கொண்டுவந்து தருவார். அம்மா நன்றியில், 'நீங்கள் இவனுக்குத் தகப்பன் மாதிரி' என்று சொல்லிவிட்டாள். அந்த வாரமே பிள்ளை மாறி, அவரோடு போய்விட்டான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது."

நான் கைத்தடியோடு சேர்த்து அவளுடைய கையைப் பிடித்தேன்.

"அந்த ஒஃபிசரும் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லையாம்" என்றாள். "யாரோ குதிரைக்காரனின் மகனாம். அந்தப் பரம்பரையில் ஒருவரும் பிறப்பால் வந்தவர்கள் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டோம்."

"உங்கள் அம்மா போய்க் கேட்கவில்லையா?"

"போனாள். வாசலில் நின்று கத்தினாள், என் பிள்ளையைத் தா என்று. அன்றைக்கே ஹைன்ஸ் திரும்பி வந்துவிட்டான். நன்றாகச் சாப்பிட்டான். நன்றாகச் சிரித்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம்."

"பிறகு?"

"ஒரு வருடம். பிறகு ஒருநாள் காலையில் தானாக எழும்பி அந்த ஒஃபிசரிடமே போனான். யாரும் வந்து கூப்பிடவில்லை."

இப்போது ஒக்டோபர். பென்ஜமின் நன்றாகச் சாப்பிடுகிறான். நன்றாகச் சிரிக்கிறான்.