நாற்பதில் நான்கு குடைகள்

குடைத் தொழிற்சாலையில் சோதனை மேசை அவருடையது. தைத்து வரும் ஒவ்வொரு குடையையும் மூன்று தடவை விரித்து மடக்குவார். கம்பி முனையில் தையல் விட்டுப்போனால் சிவப்புச் சீட்டு. பதினோரு வருடமாக இதே வேலை. எல்லோருக்கும் அவர் குடையக்கா. கல்லூரியில் புள்ளியியல் படித்து, கடைசி வருடம் கல்யாணத்தோடு நின்றுபோனவர் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

முதல் தையல் மேசையில் அவருடைய நாத்தனார். மாமியாரின் பீரோ யார் வீட்டுக்குப் போவது என்பதில் மனஸ்தாபம் வந்து, எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சே இல்லை.

ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் சீட்டுகளைப் புரட்டினார். இரண்டு தையல் மேசையிலிருந்தும் தலா இருபது குடை வந்திருந்தது. முதல் மேசையில் மூன்று சிவப்பு, இரண்டாவதில் ஒன்று.

"மூணு மடங்கு தப்பு," என்றார் நாத்தனாரிடம். "நாளையிலருந்து நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. குடையக்காவுக்கு ஒரு கணம் உள்ளூரக் குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன். அடுத்த கணம் மனசு உறுத்தியது. எழுந்து போனார்.

"சார், இதை வெச்சு ஆளை மாத்தக்கூடாது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி தைச்சாலும் இப்படி விழும்."

"கண்ணுக்கு நேரா தெரியுதேம்மா."

குடையக்கா குடைப் பட்டியில் அடிக்கும் பொத்தான்களில் நாற்பதை டப்பாவில் போட்டார். நான்கு கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. "கறுப்புதான் கெட்ட குடை. கண்ணை மூடிட்டு இருபது எடுங்க, அது முதல் மேசை. மிச்சம் ரெண்டாவது."

சூப்பர்வைசர் பத்து தடவை எடுத்தார். தையல்காரர்கள் கூடிவிட்டார்கள். ஆறு தடவை ஏதோ ஒரு பக்கம் மூன்றோ நான்கோ கறுப்பு சேர்ந்துகொண்டது.

"பாவம், இந்தப் பொத்தானுக்குத் தைக்கவே தெரியாதே," என்றார் இரண்டாம் மேசைக்காரர். சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப எப்பதான் வித்தியாசம்னு ஒத்துக்குவீங்க?"

"நெறைய எண்ணணும் சார். தற்செயலா இவ்வளவு தூரம் விலகுமான்னு கணக்குப் போட்டுப் பாக்கணும். விலகாதுன்னு வந்தாத்தான் ஆள் மேல கை வைக்கணும்."

"சரி, ஒரு வாரம்."

அந்த வாரம் மேசைக்கு முந்நூறு குடை. நாத்தனாருக்கு இருபத்தொன்று சிவப்பு, மற்றவருக்குப் பத்தொன்பது. அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் குடையக்கா நூலின் நிறத்தையும் குறித்து வைத்திருந்தார். இரண்டு மேசையிலும் பாதிக்குப் பாதி நீலம், கறுப்பு. கறுப்பு நூல் முந்நூறில் ஆறு. நீல நூல் முந்நூறில் முப்பத்துநான்கு. இந்த முறை உட்கார்ந்து கணக்குப் போட்டார். தற்செயலாக இப்படி விழ லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

சூப்பர்வைசர் நீல நூலை இரண்டு விரலால் இழுத்தார். பட்டென்று அறுந்தது. அந்த நூல் பெட்டி அன்றே விற்றவரிடம் திரும்பிப் போயிற்று. நாத்தனார் தன் மேசையிலேயே இருந்தாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்காகவா பேசினீங்க, அண்ணி?"

"உனக்காக இல்ல. நீ நிஜமாவே முந்நூறுல அறுபது கெடுத்திருந்தா, நானே உன்னை மூட்டை கட்டி அனுப்பியிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பில் புரையேறியது. குடையக்கா எட்டி அவள் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினார், கொஞ்சம் பலமாகவே.