கிட்டார் கேசட்டும் பேரளி ஸ்டாப்பும்

"மொதல்ல இந்தச் சனியன நிறுத்துய்யா!"

முதலாளி என் வண்டியில் ஏறியதும் சொன்னது இதுதான். தொண்ணூறுகளின் கடைசி. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகக் கீழப்பழுவூர் போகும் தனியார் பஸ்ஸில் நான் டிரைவர். அவர் சனியன் என்றது என் கிட்டார் கேசட்டை. என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

இப்போது டிரைவர் சீட்டில் உட்காரும் தம்பிகளுக்கு அந்தக் காலத்து நிலவரம் தெரியாது. எங்களுக்குப் பின்னாலேயே இன்னொரு கம்பெனி வண்டி வரும். யார் வண்டியில் புதுப் படப் பாட்டு ஓடுகிறதோ அதில்தான் காலேஜ் பசங்கள் ஏறுவார்கள். நானோ பாட்டே இல்லாத கேசட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு பெரியவர் பெரம்பலூரில் ஏறி ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மீசிக்கே போயிட்டிருக்கே, பாடுறவன் இன்னும் வரலியா?" என்று கேட்டார். கண்டக்டர் செல்வராசு விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தக் கேசட்டுகளைக் கொடுத்தது லப்பைக்குடிக்காட்டு ஷாஜகான். என்னோடு லாரி ஓட்டிவிட்டு வளைகுடாவுக்குப் போனவர். லீவில் வந்தபோது, "மாப்ள, ஒருக்கா கேளு. புடிக்கலைன்னா தூக்கிப் போட்டுரு" என்று மூன்று வெளிநாட்டு ராக் கிட்டார் கேசட்டைக் கையில் திணித்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அட்டையில் இருந்த படத்தை வைத்துத்தான் அடையாளம். முதலாவது, எரியும் கார் படம் போட்டது. டிரம்ஸ் இடி மாதிரி இருக்கும். அதைக் காலி வண்டி ஷெட்டுக்குப் போகும்போது மட்டும் போடுவேன். இரண்டாவதில் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஸ்டீல் கம்பி கிட்டார் வாசிப்பார். மூன்றாவது நீல அட்டை. அதுதான் என் உயிர். அதில் வாசிப்பவர் அவசரமே பட மாட்டார். கம்பியை மெல்ல வளைத்து ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தினால் நானும் கூடவே முனகுவேன். ஒரு பக்கம் ஓடி முடியும்போது அரியலூர் வந்துவிடும்.

முதலாளி அன்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "நாளைலேருந்து புதுப் பாட்டு. பின்னாடி வர்றவன் ஒன்ன முந்தக் கூடாது. முடியாதுன்னா சாவிய வச்சுட்டுப் போயிட்டே இரு."

ரெண்டு பிள்ளைகள் ஸ்கூல் போகிற வீடு. தலையை ஆட்டிவிட்டேன்.

தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் தினமும் பேரளியில் ஏறுவாள். அரியலூரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை. முன்னால் போகிற வண்டியையெல்லாம் விட்டுவிட்டு என் வண்டிக்காக நிற்பாள். ஏன் என்று அதற்கு முந்தின வாரம்தான் கேட்டிருந்தேன்.

"ரெண்டு தடவ தங்கலண்ணே. இப்ப அஞ்சாவது மாசம். குலுங்காம போகணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. இப்பவே லீவு போட்டா வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. ஒங்க வண்டிதாண்ணே பதமா போவுது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி கறாராகச் சொன்னதற்கு மறுநாள் காலை அவரே இஞ்சின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். புதுக் கேசட் ஓடியது. அடி என்றால் அடி, அப்படியொரு குத்துப் பாட்டு. பசங்கள் விசில் அடித்தார்கள். முதலாளி தொடையில் தாளம் போட்டார். பேரளியில் தமிழ்ச்செல்வி ஏறினாள். பின்னால் அந்த வண்டி ஹாரன் அடித்தது. என் கால் அழுந்தியது எனக்கே தெரியவில்லை. ஒரு சிமெண்ட் லாரியைத் தாண்டினேன், அடுத்ததையும் தாண்டினேன். எதிரே வேகத்தடை. பிரேக் பிடித்தும் வண்டி ஏறிக் குதித்தது.

"ஐயோ அம்மா!"

கண்ணாடியில் பார்த்தேன். தமிழ்ச்செல்வி ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்தபடி இருந்தாள். ஓரம் கட்டினேன்.

"நான் எறங்கிக்கிறேண்ணே."

"இன்னும் பாதி தூரம் இருக்கேம்மா?"

"அடுத்த வண்டில வரேன்."

"அவன் இதவிட வேகமால்ல போவான்?"

"அப்ப அதுக்கடுத்த வண்டில வரேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. இறங்கிப் போய் ஓரமாக நின்றுகொண்டாள்.

"ஒரு டிக்கெட்டுதானய்யா, வண்டிய எடு" என்றார் முதலாளி.

எடுத்தேன். ஆனால் கேசட்டை உருவிவிட்டேன். அரியலூர் வரை வண்டியில் சத்தமே இல்லை. ஸ்டாண்டில் சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"மொதலாளி, அந்தப் பாட்டு ஓடுனா எங்காலு எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது. நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."

முறைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு மாசமாவா இருக்கு?" என்றார்.

"அஞ்சு மாசம். ரெண்டு ஏற்கெனவே போயிடுச்சு."

சாவியை என் சீட்டில் போட்டார். "காலைல மொத டிரிப்புக்கு ஒன் இஷ்டம். மத்த டிரிப்பு எல்லாம் எஞ்சொல்லுதான்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

பதமாக ஓட்டியது நான் மட்டும் இல்லை, அந்த நீல அட்டைக் கேசட்டும்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தம்பிகளே, வண்டியில் பாட்டைக் காது மட்டும் கேட்பதில்லை, காலும் கேட்கிறது. டேப் செட்டில் எதைப் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள்.

மறுநாள் பேரளியில் தமிழ்ச்செல்வி நின்றாள். முன் படிக்கட்டு அவளுக்கு நேராக வரும்படி நிறுத்தினேன். ஏறவில்லை. கம்பியைத் தொடாமல் அப்படியே நின்று காது கொடுத்தாள். கிட்டார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் அந்த வண்டிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

"ஏறும்மா, டைம் ஆவுதுல்ல" என்றான் செல்வராசு.

"இருடா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அரியலூர் வரைக்கும் இதேதானண்ணே ஓடும்?"

"இதேதாம்மா."

ஏறினாள். பிரசவ லீவில் போகிற வரைக்கும் தினமும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் ஏறினாள்.