மறைந்த சீட்டும் மாண்ட சீட்டும்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த ஓர் உறவினர் விட்டுச்சென்ற, வீரர்களும் மந்திரங்களும் மோதும் மாயச் சீட்டுக்கட்டு அது. பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த நாங்கள் மூவரும் கடியப்பட்டணத்து வலைக்கூடத்தின் நிழலில் அமர்ந்து, அதன் விதிகளை வேதவாக்கியம்போல் பிரித்து ஆராய்ந்தோம். அடிபட்டு விழும் வீரன் மாண்டோர் அடுக்குக்குப் போவான். 'உயிர்ப்பு' என்ற சீட்டு அங்கிருந்து அவனைக் களத்துக்கு மீட்டுவரும். 'மறைப்பு' மந்திரம் பட்டவனையோ அந்த அடுக்கில் சேர்க்காமல் தனியே ஓரமாக வைக்க வேண்டும். அவனையும் உயிர்ப்பு மீட்குமா என்பதுதான் எங்கள் தீராத வழக்கு.

மீட்காது என்பதில் என் நண்பன் உறுதியாக இருந்தான்.

"செத்தவனத்தாம்ல எழுப்ப முடியும். இவன் சாவல்ல. காணல்ல, அவ்வளவுதான்."

"ஒன்ன வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும் மக்கா" என்பான் மூன்றாமவன்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் நண்பனின் அண்ணன் கடலுக்குப் போனார். உடைந்த வள்ளம் கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. மாதங்கள் கழிந்தபின், இறந்தோருக்கான பூசையை வைத்துவிடலாமா என்று பங்குத்தந்தை கேட்டனுப்பினார். அழவும் இயலாமல் கதவையே பார்த்திருந்த நண்பனின் அம்மா வைக்கச் சொன்னார். அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, மறுத்தார். பூசை முடிந்துவிட்டால், தேடச் சொல்லி எந்த அலுவலகத்தின் படியை மிதிப்பது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முடிவு நண்பனின் தலையில் விழுந்தது. என்னிடம் கேட்டபோது இரு பக்கத்து விளைவுகளையும் எடுத்துரைத்தேன். எதைச் செய்தாலும் அது ஒரு பெண்ணை வதைக்கும் என்பதற்கு மேல் எனக்கும் வழி தெரியவில்லை.

அவனை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருவதற்காகவே ஒரு பிற்பகல் மூன்றாமவன் சீட்டுக்கட்டை எடுத்துவந்தான். ஆட்டத்தில் நண்பனின் வீரன்மீது மறைப்பு விழுந்தது. அவன் கையில் உயிர்ப்பு இருந்தது.

"எடுத்துக்க மக்கா" என்றான் மூன்றாமவன், குரலைத் தாழ்த்தி. "இந்த ஒரு வாட்டி மீட்கும்னு வச்சுக்கலாம்."

"விதிய மாத்தாதல." நண்பன் ஓரத்தில் கிடந்த சீட்டைப் பார்த்தான். "இவன் எதுவரைக்கும் இப்பிடிக் கெடக்கணும்?"

"ஆட்டம் முடியுத வரைக்கும்."

"முடியாட்டி?"

நண்பன் அந்தச் சீட்டை எடுத்து மாண்டோர் அடுக்கின்மேல் வைத்தான். அப்படி மாற்றுவதற்கு எந்த விதியும் இல்லை. அவனுக்கு அது தெரியும். உயிர்ப்பை அவன் இறக்கவில்லை. கையிலிருந்தவற்றைக் கவிழ்த்துவிட்டு எழுந்து, பங்குத்தந்தையின் வீட்டை நோக்கி நடந்தான்.

கல்லறைத் தோட்டத்தில், கீழே யாருமற்ற மண்ணில் ஒரு சிலுவை நடப்பட்டது. அன்று மாலை அம்மா முதன்முறையாக வாய்விட்டு அழுதார். பூசைக்கு வராத மைனி, பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறினார். கழுத்தில் தாலி கிடந்தது.