பழுப்புத் தூள்

புவியியல் ஆய்வகத்தில் பேராசிரியர் என் உள்ளங்கையில் பழுப்புக் கல்தூளைக் கொட்டினார். "போர் போடும்போது சாம்பல் தூள் இப்படி நிறம் மாறினால், கீழே தண்ணீர் ஓடும் வெடிப்பு இருக்கலாம்" என்றார். முகர்ந்தேன். அதே வாசனை!

மணலூர்பேட்டையில் எங்கள் கரும்பு வாடிக்கொண்டிருந்த கோடை அது. போர் வண்டி காலையிலிருந்து சாம்பல் தூளையே கக்கியது. அம்மாவின் தலை நரைத்தே போனது.

"இன்னா மாமா, பவுடர் கம்பெனி வெச்சிக்கிறியா?" என்று அப்பாவைக் கிண்டலடித்தார் பக்கத்துக் கொல்லைக்காரர்.

சாயங்காலம் என் பள்ளிச் சட்டையில் பழுப்பு படிந்தது.

"கலர் மாறுதுண்ணா, இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றார் வண்டிக்காரர்.

"காலையிலேந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னுதான் சொல்லிக்கினு கீற. நிறுத்துப்பா!" என்றார் அப்பா.

தண்ணீர் வராமலே வண்டி கிளம்பியது. கரும்பும் போயிற்று.

ஆய்வகத்திலிருந்தே, கையைக்கூடக் கழுவாமல் ஃபோன் போட்டேன். "அப்பா, அந்த போரை மண்ணு போட்டுத் தூத்துட்டீங்களா?"

"மூடி போட்டுத்தாம்மா கீது. இன்னாத்துக்குக் கேக்குற?"